மதிலுக்குள் ஓர் ஆலங்காட்டுப் பையன்

இத்தாலியில் மேல்படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகள் விடுமுறை வந்தால் மதில் சூழ்ந்த பழைய ஊர்களைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். லூக்கா நகரத்து மதில் மேல் நாலு கிலோ மீட்டர் சுற்றி நடந்ததாகச் சொல்லிப் படம் அனுப்புகிறார்கள். நல்ல விஷயம்தான். இவர்களுக்கு ரொம்ப முந்திய சீனியர் ஒருவர் கொச்சிக்குப் பக்கத்து ஆலங்காட்டில் பிறந்தவர் என்பது இவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் கரியாட்டில் ஜோசப். 1742-ல் பிறந்தவர். பதின்வயதில் குருத்துவப் படிப்புக்காக ரோமுக்கு அனுப்பப்பட்டார். அன்று கொச்சியும் மதில் ஊர்தான். போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டை டச்சுக்காரர்கள் வசம் இருந்தது. (1806-ல் ஆங்கிலேயர் அதை இடித்துத் தள்ளியது தனிக்கதை.) ரோமில் அவர் பார்த்த மதிலோ கி.பி. 271-ல் அரேலியன் சக்கரவர்த்தி தொடங்கியது. சுமார் 19 கிலோ மீட்டர் சுற்றளவு. அந்தக் காலத்தில் அதற்குள் பாதிக்கு மேல் வீடுகளே இல்லை; திராட்சைத் தோட்டமும் இடிபாடுகளும்தான். படித்துப் பட்டம் வாங்கி ஊர் திரும்பிய கரியாட்டில், மல்பான், அதாவது குருமாணவர்களின் ஆசிரியர் ஆனார்.

படித்த ஊருக்கு அவர் மறுபடி போக நேர்ந்ததற்குக் காரணம் மட்டாஞ்சேரியில் இருக்கிறது. யூதர் தெருவையும் டச்சு அரண்மனையையும் பார்த்துவிட்டுத் திரும்பும் சுற்றுலாக்காரர்கள் எட்டிப்பார்க்காத கூனன் குரிசுப் பள்ளி. (மலையாளத்தில் பள்ளி என்றால் தேவாலயம், தமிழ் படித்த எனக்கு இன்றும் ஒரு கணம் வகுப்பறை வந்து போகும்.) 1653 ஜனவரியில் இங்கே திரண்ட சிரியன் கிறிஸ்தவர்கள், ஏசு சபைப் பாதிரிமார்களுக்கு இனிக் கட்டுப்பட மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். சிலுவையைத் தொட எல்லாருக்கும் இடமில்லை. கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டார்களாம். இழுத்த இழுப்பில் சிலுவை சாய்ந்துவிட்டது என்பது ஐதீகம். சபை பிளந்தது.

பிளவுபட்ட தரப்பின் மெத்ரான் மாற் தோமா, ரோமுடன் மீண்டும் சேர விரும்பினார். ஐரோப்பிய மிஷனரிகள் இடம் கொடுக்கவில்லை. அவருடைய விண்ணப்பத்தைச் சுமந்துகொண்டு 1778-ல் கரியாட்டிலும் பாறேம்மாக்கல் தோமா கத்தனாரும் கிளம்பினார்கள். தமிழ்நாட்டின் வழியே சென்னை வந்து கப்பல் ஏறினார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றி, பிரேசிலைத் தொட்டு, லிஸ்பன், ஜெனோவா, பிறகு 1780-ல் ரோம். கத்தனார் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். மலையாளத்தின் முதல் பயண நூலான 'வர்த்தமானப் புஸ்தகம்' அதுதான். அச்சேறியது 1936-ல்!

கண்ட அதிசயங்களைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் அந்தப் புஸ்தகம் வெறும் யாத்திரைக் குறிப்பாக நின்றிருக்கும். மதில் வாசல் அவர்களுக்குத் திறந்துதான் இருந்தது. திறக்காதது உள்ளே இருந்த அலுவலகக் கதவு. இவர்களுக்கு எதிரான கடிதங்கள் முன்னதாகவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. அந்த ஊரிலேயே படித்து, அவர்கள் பாஷையிலேயே பேசக்கூடிய ஒருவர் எதிரே நின்றும் பயனில்லை. போப் 6-ம் பயஸைப் பார்த்தார்கள். தேடிப்போன காரியம் மட்டும் நடக்கவில்லை. இந்தியர்களை இந்தியர்களே நிர்வகிக்க வேண்டும் என்று கத்தனார் வாதாடியது இந்தக் கசப்பிலிருந்துதான். காங்கிரஸ் பிறப்பதற்கு நூறு வருஷம் முன்னால்! நம் பாடப் புத்தகங்கள் இதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

காரியம் பாதியாவது கைகூடியது லிஸ்பனில். போர்ச்சுகல் ராணி கரியாட்டிலைக் கொடுங்கல்லூர் பேராயராக நியமித்தார். 1783-ல் பட்டாபிஷேகம். மூன்று வருஷம் கழித்துக் கப்பல் கோவாவை அடைந்தது. ஊரில் வரவேற்க ஆட்கள் காத்திருந்தார்கள். 1786 செப்டம்பரில் கோவாவிலேயே பேராயர் இறந்துபோனார். விஷம் என்று கேரளத்தில் பேச்சு கிளம்பியது, நிரூபிக்கப்படவில்லை. அவருடைய எலும்புகள் ஆலங்காட்டுக்கு வந்து சேர்ந்தது 1961-ல்.