ஆறு நிமிஷ அப்பிரதட்சணம்

கோயிலில் பிரகாரத்தை வலம் வருவோம். சின்ன விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் ரன்வேயை இடம் வருகிறார்கள். சாஸ்திரப்படி தப்புதான், ஆனால் காரணம் இருக்கிறது. பைலட் உட்காருவது இடது ஸீட்டில். இடது பக்கமே திரும்பிக்கொண்டிருந்தால்தான் இறங்கவேண்டிய ரன்வே அவர் ஜன்னலில் தெரியும். (மலையோ ஊரோ இடைஞ்சலாக இருக்கிற சில இடங்களில் மட்டும் வலம்.)

நம் ஃப்ளையிங் கிளப்களில் இதை சர்க்யூட் என்பார்கள், அமெரிக்காவில் பேட்டர்ன். ஆகாயத்தில் ஒரு நீள்சதுரம், அவ்வளவுதான். எதிர்காற்றில் கிளம்பி ஏறு. ஒரு இடது, இன்னொரு இடது. ஆயிரம் அடி உயரத்தில், காற்று முதுகைத் தள்ள, ரன்வேக்கு இணையாக வந்த வழியே திரும்பி ஓடு. இது டவுன்விண்ட். மறுபடி இடது, இது பேஸ். கடைசி இடது ஃபைனல். இறங்கு. 1956 முதல் 40,000-க்கு மேல் செய்து தள்ளிய செஸ்னா 172-ல் இத்தனையும் சுமார் ஆறு நிமிஷம். ஒரு விமானப் பயணத்தில் உள்ள அத்தனை சமாசாரமும் அதற்குள் வந்துவிடும், காபியைத் தவிர.

'டவர்ல இருக்கறவர் பார்த்துக்க மாட்டாரா?' என்பீர்கள். அமெரிக்காவில் பொது உபயோகத்துக்கு உள்ள விமான நிலையங்கள் சுமார் 5,000. டவர் இருப்பது 500 சொச்சத்தில்தான். மற்றவற்றில் சிக்னலும் இல்லை, போலீஸ்காரரும் இல்லை. ஒரே ரேடியோ அலைவரிசையில் அவரவர் தண்டோரா: "செஸ்னா, லெஃப்ட் டவுன்விண்ட், ரன்வே 27." ரேடியோவே இல்லாத பழைய விமானமும் அங்கே சட்டப்படி வரலாம், அதனால் காதை மட்டும் நம்ப முடியாது. கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் முட்டிக்கொள்ளாமல் இருக்கிறார்கள் என்றால், எல்லோரும் ஒரே உயரத்தில் ஒரே திசையில் சுற்றுவதால்தான்.

இந்தச் சதுரத்தில் எமன் உட்கார்ந்திருக்கும் மூலை ஒன்று உண்டு. கடைசி இடது.

அங்கே உயரம் சுமார் 400 அடி. வேகத்தையும் குறைத்தாயிற்று. பேஸில் காற்று பின்னாலிருந்து தள்ளினால், திரும்பி முடிப்பதற்குள் ரன்வேயின் நேர்கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். இன்னும் கொஞ்சம் சாய்த்துத் திருப்பலாமே? சாய்த்தால் இறக்கைக்குச் சுமை கூடும், ஸ்டால் ஆகும் வேகமும் கூடும் என்று படித்தது ஞாபகம் வரும். (ஸ்டால் என்றால் இங்கே எஞ்சின் நிற்பதல்ல, இறக்கை தூக்க மறுப்பது.) படித்தது நிஜம்தான். உயரம் குறையாமல் 30 டிகிரி சாய்ந்து திரும்பினால் அந்த வேகம் 7 சதவிகிதம் கூடும், 60 டிகிரியில் 41 சதவிகிதம்.

எனவே சாய்க்கப் பயந்து, இடது காலால் ரட்டரை மிதித்து மூக்கை மட்டும் ரன்வே பக்கம் இழுக்கிறீர்கள். வெளி இறக்கை வேகமெடுத்து உயர, உள் இறக்கை தாழ்கிறது. அதைச் சரிக்கட்டக் கை வலது பக்கம் போகிறது. மூக்கு இறங்குகிறது. கண்ணாடி முழுக்கத் தரை. கன்ட்ரோல் வீலைக் கை தானாக வயிற்றோடு இழுக்கிறது. கால் ஒன்று சொல்ல, கை ஒன்று சொல்ல, உள் இறக்கை முதலில் கைவிடுகிறது. விமானம் அந்தப் பக்கம் கவிழ்ந்து பம்பரமாகிறது. ஒரு சுற்றுப் பம்பரத்திலிருந்து மீளக் குறைந்தது ஆயிரம் அடி ஒதுக்கச் சொல்கிறது செஸ்னா கைப்புத்தகம். உங்களிடம் இருப்பது 400.

மருந்து மிகச் சுலபம். இறக்கையைச் சமமாக்கி, த்ராட்டிலை முழுசாகத் தள்ளி, ஏறி, இன்னொரு சுற்று. செலவு ஆறு நிமிஷமும் கொஞ்சம் பெட்ரோலும். ஆனால் பக்கத்து ஸீட்டில் மச்சினன் இருப்பார். கீழே நாலு பேர் வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முன்னால் இறங்காமல் மேலே போவது மானப் பிரச்னை. இது தெரிந்த நல்ல வாத்தியார்கள், மாணவன் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று "ஏறு, ஏறு!" என்று கத்துவார்கள். மாணவனுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். நாற்பது தடவை ஏறினால் நாற்பத்தோராவதில் வெட்கம் போய்விடும்.

ஒரு நாள் வாத்தியார் ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்விடுவார். தனியாக ஒரு சுற்று. அவர் எடை இல்லாததால் விமானம் துள்ளிக்கொண்டு ஏறும், ஆயிரம் அடி சீக்கிரமே வந்துவிடும். முடித்துவிட்டு வந்தால் அமெரிக்காவில் மாலை கிடையாது. கத்தரிக்கோலால் சட்டையின் பின்பக்கத்தை வெட்டி, பேரும் தேதியும் எழுதிச் சுவரில் மாட்டுவார்கள். முன்னும் பின்னுமாக உட்கார்ந்த பழைய விமானங்களில் வாத்தியார் பின்னாலிருந்து சட்டையை இழுத்துத்தான் மாணவனைத் திருத்துவாராம். இனி இழுக்க வேண்டாம் என்று அர்த்தம்.

அந்த வாரத்தில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.