திறன்மிகு வகுப்பறையில் குழந்தையின் மொழி எங்கே?

வகுப்பறைக்குள் மின்னணுத் தொழில்நுட்பம் நுழையலாமா என்ற விவாதம் இந்தியாவில் ஏறத்தாழ முடிந்துவிட்டது. 2017இல் தொடங்கப்பட்ட தீக்ஷா தளம், பாடநூல்களில் அச்சாகும் கியூஆர் குறியீடுகள், 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் அறிவிக்கப்பட்ட பி.எம். இ-வித்யா திட்டம் என அது நுழைந்து நிலைபெற்றும்விட்டது. எஞ்சியிருப்பது வேறொரு கேள்வி: அந்தத் திரை எந்த மொழியில் பேசுகிறது?

தமிழின் உறவுமொழியான கோண்டியை எடுத்துக்கொள்ளலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 29 லட்சம் பேர் பேசும் திராவிட மொழி அது. அரசமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் அதற்கு இடமில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் பீலிக்கும் இல்லை. கோண்டி பேசும் குழந்தை பஸ்தரில் பிறந்தால் இந்தியில் படிக்கிறது. கட்சிரோலியில் பிறந்தால் மராத்தியில். ஆதிலாபாத்தில் பிறந்தால் தெலுங்கில். ஒரே வீட்டுமொழிக்கு மூன்று பள்ளிமொழிகள், இரண்டு எழுத்துமுறைகள். வீட்டுமொழி மட்டும் பள்ளிக்கு வெளியே நிற்கிறது.

இதன் விளைவு எழுத்தறிவின் முதற்படியிலேயே தெரியும். படத்தைக் காட்டி, அதன் பெயரின் முதல் ஒலியைப் பிரித்து, அந்த ஒலிக்கு உரிய எழுத்தைக் கற்பிப்பது தொடக்கப்பள்ளியின் பழகிய முறை. திரையில் தண்ணீர் அழகாக ஓடுகிறது, 'பானீ' என்கிறது குரல், 'ப' ஒளிர்கிறது. கோண்டிக் குழந்தையின் வாயில் வரும் சொல்லோ 'ஏர்'. அதன் முதல் ஒலிக்கும் ஒளிரும் எழுத்துக்கும் தொடர்பே இல்லை. எழுத்தைக் கூட்டிப் படிக்கும்போது, ஏற்கெனவே அறிந்த சொல் ஒன்று காதில் விழ வேண்டும். அது விழாதபோது படிப்பு வெறும் ஒலிப்பாகிறது. அசைவூட்டம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இந்த இடைவெளியை அது நிரப்புவதில்லை. சில வேளைகளில், புரிந்துவிட்டது என்ற தோற்றத்தைத் தந்து மறைத்தும்விடுகிறது.

இந்தக் குறை புதியதன்று. 1975-76இல் 'சைட்' எனப்பட்ட செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களை எட்டியது. ஒளிபரப்பு மொழிகள் நான்கு: இந்தி, ஒடியா, தெலுங்கு, கன்னடம். அரை நூற்றாண்டில் கருவிகள் முற்றிலும் மாறிவிட்டன. மையத்தில் தயாரித்து, பெருமொழியில் அனுப்பி, கிராமத்தில் பார்க்க வைக்கும் பழக்கம் பெரும்பாலும் மாறவில்லை.

மாற வேண்டியது இந்தத் திசைதான். பள்ளியின் முதல் மின்னணுக் கருவி ஒலிப்பதிவுக் கருவியாக இருக்கலாம். ஆசிரியரின் கைப்பேசியே அதற்குப் போதும். ஊர்ப் பாட்டி சொல்லும் கதையைப் பதிவுசெய்து, குழந்தைகளின் ஓவியங்களோடு இணைத்தால் அதுவே முதல் வாசிப்புப் பாடம். இது நடவாத கனவன்று. 2010இல் சத்தீஸ்கரில் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா, சாதாரணக் கைப்பேசி அழைப்பின் வழியே கோண்டிக் குரல்களைப் பொதுவெளிக்குக் கொணர்ந்தது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில், எவரும் ஒரு கதையைத் தம் மொழிக்குப் பெயர்த்துச் சேர்க்கலாம். கோண்டிக் கதைகளும் அங்கு உள்ளன.

மறுப்புகள் உண்டு. ஆசிரியருக்கே கோண்டி தெரியாது என்பார்கள். அதனால்தான் பதிவுசெய்த உள்ளூர்க் குரல் பயனுடையது, உள்ளூர் மொழித் துணையாசிரியர் தேவை. வட்டாரத்துக்கு வட்டாரம் கோண்டி மாறுகிறதே என்பார்கள்; அச்சுநூலுக்கு அது பெருந்தடை, ஒலிப்பதிவுக்கு அன்று. பெற்றோர் விரும்புவது ஆங்கிலத்தை அல்லவா என்பார்கள். அந்த விருப்பம் நியாயமானது. ஆயினும், அறிந்த மொழியில் ஒருமுறை படிக்கக் கற்ற குழந்தை அந்தத் திறனோடு அடுத்த மொழிக்குச் செல்கிறது. முதற்படியே வழுக்கினால் ஆங்கிலமும் எட்டாது.

அரசமைப்பின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழி கற்க வசதி செய்யச் சொல்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் குறைந்தது ஐந்தாம் வகுப்புவரை அதையே பரிந்துரைக்கிறது, 'இயன்ற இடங்களில்' என்ற நிபந்தனையுடன். இயலாமைக்கு இதுவரை சொல்லப்பட்ட காரணம் அச்சிடும் செலவும் பாடநூல் இன்மையும். அந்தக் காரணத்தைப் பெருமளவு நீக்கக்கூடியது மின்னணுத் தொழில்நுட்பமே. அதையும் பெருமொழிகளுக்கே ஒதுக்கிவிட்டால் இழப்பு இரட்டிப்பாகும். ஏனெனில் இன்றைய பேச்சுணரி, இயந்திர மொழிபெயர்ப்பு ஆகியன பதிவான தரவு உள்ள மொழிகளிலேயே வளர்கின்றன.

ஆகவே, எத்தனை பள்ளிகளில் திரைகள் பொருத்தப்பட்டன என்பதோடு, அங்கு எத்தனை வீட்டுமொழிகளில் பாடம் உருவானது என்பதையும் அரசுகள் கணக்கிட வேண்டும். மாவட்ட அளவில் ஒலிப்பதிவுக்கு நிதியும், ஆசிரியர்கள் தாமே பாடம் பதிவேற்றும் உரிமையும் வேண்டும். அந்தப் பதிவுகளின் உரிமை அவற்றைச் சொன்ன சமூகத்திடமே இருக்க வேண்டும். குழந்தையைப் பேசவிடாத திரை, எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், இன்னொரு கரும்பலகைதான்.