கடற்கரைத் தொண்டர்கள்

பகலில் கடலில் குளிப்பது குற்றமாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில், ஸிட்னி நகரம் அமைந்துள்ள நியூ ஸவுத் வேல்ஸ் ராஜ்யத்தில், பொதுஜனங்களின் கண்ணில் படும்படி காலை முதல் இரவு வரை ஒருவரும் கடலில் இறங்கலாகாது என்று சட்டம் தடுத்தது. 1902-ம் வருஷம் மான்லி என்னும் கடற்கரை ஊரில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகாசிரியர் அச்சட்டத்தை மீறப் போவதாகத் தமது பத்திரிகையிலேயே முன்கூட்டி அறிவித்தார். அறிவித்தபடி பட்டப்பகலில் கடலில் இறங்கவும் செய்தார். அவர் மீது வழக்குத் தொடரப்படவில்லை. வேறு பலரும் அவ்வாறே இறங்கலாயினர். 1903 நவம்பரில் மான்லி நகரசபை தடையைக் கைவிட்டது. பகிரங்கமாகச் சொல்லிவிட்டுச் சட்டத்தை மீறிய இந்த மனிதர் நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதில் நமக்குச் சிறிது கர்வம் உண்டு என்பதை மறைப்பானேன்?

ஆனால், அவரைக் காட்டிலும் அவருக்குப் பின் வந்தவர்களே நம் கவனத்துக்கு அதிகம் உரியவர்கள். தடை நீங்கியதும் ஜனங்கள் திரள் திரளாகக் கடலில் இறங்கினர். அவர்களில் பெரும்பாலோருக்கு நீந்தத் தெரியாது. கடலோ எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டதல்ல, உயிர்கள் பலியாயின. "பார்த்தீர்களா, தடை இருந்ததே நல்லது" என்று சொல்லப் பழைய அதிகார வர்க்கத்துக்கு இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைத்திராது. அந்த வாய்ப்பை அந்த ஊர் வாலிபர்கள் கொடுக்கவில்லை. சர்க்காருக்கு மகஜர் எழுதிவிட்டுக் காத்திருக்கவும் இல்லை. 1907 பிப்ரவரியில் பாண்டை கடற்கரையில் ஓர் உயிர்காப்புச் சங்கம் கூடிற்று. அவ்வருஷம் அக்டோபரில் பல கரைகளின் சங்கங்கள் ஒன்று சேர்ந்து ஒரு பொதுச் சங்கத்தை நிறுவின. பெரிய உருளையில் சுற்றிய நீண்ட கயிறு, அதன் நுனியில் ஓர் இடைக்கச்சை: இவ்வளவுதான் ஆதியில் அவர்களுடைய ஆயுதம். கச்சையை அணிந்தவர் நீந்திச் சென்று மூழ்குகிறவரைப் பற்றிக்கொள்வார். கரையில் நிற்பவர்கள் கயிற்றை இழுத்து இருவரையும் மீட்பார்கள். அந்த 1907-ம் வருஷம் ஜனவரியில் பாண்டையில் மூழ்கவிருந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை அங்கிருந்தோர் கரை சேர்த்தனர். 1928-ல் பசிபிக் மகாசமுத்திரத்தை முதன்முதலாக விமானத்தில் கடந்த சார்லஸ் கிங்ஸ்போர்டு ஸ்மித் அச்சிறுவனே.

உரிமையைக் கேட்டுப் பெற்ற ஜனங்களே அதைக் காக்கும் பொறுப்பையும் ஏற்றார்கள். அவர்கள் தொடங்கிய ஸ்தாபனம் நூறு வருஷங்களுக்கு மேலாக அழியாமல் நிற்கிறது. இன்று ஆஸ்திரேலியா முழுதும் 300-க்கு மேற்பட்ட சங்கங்கள் உள்ளன. கயிற்று உருளை போய் இரப்பர்ப் படகு வந்துவிட்டது. ஆயினும், வேனிற் காலத்துச் சனி ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் சிவப்பும் மஞ்சளுமான தொப்பியணிந்து காவல் நிற்பவர்கள் சம்பளமில்லாத் தொண்டர்களே. பொறுப்பான காவலுக்கு வர விரும்புகிறவர் பதினைந்து வயது நிரம்பியவராய், 400 மீட்டரை 9 நிமிஷத்துக்குள் நீந்தி, முதலுதவியும் மூச்சுக் கொடுத்துப் பிழைப்பிக்கும் முறையும் கற்றுப் பரீட்சை தேற வேண்டும். வருஷந்தோறும் தம் திறமையை மீண்டும் நிரூபிக்கவும் வேண்டும். தொண்டு என்றால் வந்தபோது வருவது, வராவிட்டால் கேட்பாரில்லை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்களே, அவர்கள் இதைக் கவனிக்க.

1938-ம் வருஷம் பிப்ரவரி 6-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பாண்டையில் ஆயிரக்கணக்கானோர் நீராடிக்கொண்டிருந்தனர். திடீரென்று பேரலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டு வந்தன. இடுப்பளவு நீரில் நின்றவர்களை, பின்வாங்கிய வெள்ளம் வாரிக் கடலுக்குள் கொண்டு போயிற்று. சங்கத்துத் தொண்டர்கள் அப்பொழுது பெருந்தொகையினராகக் கரையில் கூடியிருந்தது பாக்கியமே. கயிறு கிடைத்தவர் கயிற்றோடும், கிடைக்காதவர் வெறுங்கையோடும் பாய்ந்தனர். பீதியடைந்த ஜனங்கள் கயிற்றையே பற்றித் தொங்கியதால் சில இடங்களில் மீட்க வந்தவர்களுக்கே ஆபத்து நேர்ந்தது. சுமார் 250 பேர் மீட்கப்பட்டனர். பிரக்ஞையற்றுக் கிடந்த பலர் மணலிலேயே பிழைப்பிக்கப்பட்டனர். ஐவர் மாண்டனர். அந்த ஐவருக்காக நாம் துக்கப்படுகிறோம்; ஆனால், சங்கம் என ஒன்று இல்லாதிருந்தால் அன்று மாலை எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்கும் என்பதையும் நினைக்க வேண்டும்.

கூலி கொடுத்துக் காவலரை வைப்பது சர்க்காரின் கடமையல்லவா, அதை ஜனங்களின் தலையில் கட்டலாமா என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. அங்கும் பல கரைகளில் நகரசபைகள் சம்பளக் காவலரை வைத்திருக்கின்றன. தொண்டர் இருக்கிறார்கள் என்பதைச் சாக்காக்கிக் கஜானாவைப் பூட்டிக்கொள்ளும் எந்தச் சர்க்காரையும் நாம் ஆதரிக்க மாட்டோம். ஆனால் சம்பளக் காவலர் ஒருவரின் வித்தை அவரோடு கரையில் நின்றுவிடுகிறது. சங்கத்தில் பயின்ற குமாஸ்தாவும் தச்சரும் பள்ளி ஆசிரியரும் அவ்வித்தையைத் தத்தம் வீதிக்குக் கொண்டு செல்கிறார்கள். அண்டை வீட்டுக் குழந்தைக்கு மூச்சடைத்தால் ஓடி வந்து உதவ அந்தத் தெருவிலேயே ஆள் இருக்கிறது. மீட்ட உயிர்களைக் கணக்கெடுப்பவர்கள் இந்த லாபத்தைச் சேர்ப்பதில்லை.

சங்கங்கள் குற்றமற்றவை என்று நாம் சொல்ல வரவில்லை. 1980 வரையில் பெண்களை முழு உரிமையோடு காவலுக்குச் சேர்க்காதிருந்தது வெட்கக்கேடு. 2005 டிசம்பரில் கிரனல்லா கடற்கரையில் உயிர்காப்புத் தொண்டர்கள் சிலரை லெபனான் வம்சத்து வாலிபர்கள் தாக்கினர் என்பதைக் காரணமாகக் காட்டி, ஆயிரக்கணக்கானோர் கூடி, நிறத்தையும் தோற்றத்தையும் பார்த்து அப்பாவிகளை அடித்தார்கள். தொண்டரின் பெயரால் நடந்த அட்டூழியம் அது. அதன் பின் செய்த காரியத்துக்காகச் சங்கத்தாரைப் பாராட்டுகிறோம். லெபனான் வம்சத்து இளைஞர்களையும் முஸ்லிம் பெண்களையும் அழைத்துப் பயிற்சி தந்தார்கள். தம் மத வழக்கப்படி உடல் முழுதும் மூடிய நீச்சலுடையில், சிவப்பு மஞ்சள் நிறத்திலேயே, முஸ்லிம் பெண்ணொருவர் காவலுக்கு வந்தார். பத்து மேடைகளில் பேசப்படும் ஒற்றுமைப் பிரசங்கத்தைக் காட்டிலும் அந்த ஓர் உடுப்பு அதிகம் சாதித்திருக்கும் என்றே கருதுகிறோம்.

இவ்விஷயம் நமக்கு அந்நியமானதன்று. நம் நாட்டிலிருந்து அத்தேசத்துக்குப் படிக்கவும் பிழைக்கவும் போவோர் மிகப் பலர். 2024 ஜனவரி 24-ந் தேதி விக்டோரியாவைச் சேர்ந்த பிலிப் தீவில், காவல் இல்லாத ஒரு கரையில், இந்திய வம்சத்தவர் நால்வர் மூழ்கி மாண்டனர். அலை அடங்கினாற்போல் தோன்றும் இடத்தில்தான் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் அநேகமாக ஓடும் என்பதும், அதில் அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல் நீரில் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும் என்பதும், இரண்டு சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவிலேயே குளிக்க வேண்டும் என்பதும் அங்குப் பிறந்த குழந்தைக்கும் பள்ளிப் பருவத்திலேயே சொல்லித் தரப்படுகின்றன. புதிதாகப் போகிறவருக்கு யார் சொல்வது? ஸிட்னி, மெல்போர்ன் முதலிய நகரங்களிலுள்ள தமிழ்ச் சங்கத்தார் பொங்கலுக்குக் கூடும் சமயம் அங்கே கடுங்கோடை. கடற்கரைக்குக் கூட்டம் போகும் காலம். அவ்விழாக்களுக்கு அருகிலுள்ள உயிர்காப்புச் சங்கத்தார் இருவரை வரவழைத்து அரைமணி நேரம் பேசச் செய்யலாம். அவர்கள் புறப்படுமுன் நம் வாலிபர்களும் யுவதிகளும் நாலு பேராவது பயிற்சிக்குப் பெயர் கொடுக்கட்டும்.