பந்தயமில்லாத மேசை



பள்ளிகள் மூடிக் கோடை விடுமுறை தொடங்கிய நாளிலிருந்து உங்களில் சிலர் என்னிடம் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாய்க் கேட்டுவிட்டீர்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் தோட்ட அலுவலர்களுமாகிய நம் சபையார் சிலர், கைப்பேசியிலும் கணினியிலும் இணையவழியாய்ப் 'பிரிட்ஜ்' என்னும் சீட்டாட்டத்தை ஆடி மகிழ்கிறார்கள். இது விசுவாசிக்குத் தகுமா என்பதே அக்கேள்வி. கேட்டவர்களில் அநேகர் 'சீட்டு' என்ற சொல்லை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னதைக் கவனித்தேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தகும். பணம் வைக்காமல், பெயர் தேடாமல், ஓய்வு வேளையில் ஆடப்படும் பிரிட்ஜ் ஒரு குற்றமற்ற மகிழ்ச்சி. ஒப்பாதவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னோடு தாராளமாய் வாதிடலாம்.

குரல் தாழ்வதற்குக் காரணம் இருக்கிறது. இணையவழி ரம்மியில் சம்பளத்தையும் நகையையும் இழந்து, கடைசியில் உயிரையும் மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளைத் தமிழ்நாடு வாசித்துக் கலங்கியிருக்கிறது. அதனால்தான் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டம் நம் சட்டமன்றத்தில் 2022-ல் நிறைவேறி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமையால் ஆடப்படுவன என்று கொண்டு, அவற்றைத் தடையிலிருந்து விலக்கிற்று. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதற்கும் தடைசெய்து சட்டம் இயற்றியது. பணம் புழங்காத பொழுதுபோக்கு விளையாட்டுகளை அச்சட்டம் வேறு பிரிவில் வைத்திருக்கிறது.

திறமையா, அதிர்ஷ்டமா என்பது நீதிமன்றத்துக்குரிய கேள்வி. விசுவாசிக்குரிய கேள்வி அதுவன்று. திறமையால் அயலானுடைய பணத்தைப் பறித்தால் மட்டும் அது நல்ல பணமாகிவிடுமா? வள்ளுவர் தம் 94-ஆம் அதிகாரத்தைச் சூதுக்கென்றே ஒதுக்கினார். அங்கே தோற்பவனை மட்டும் அவர் எச்சரிக்கவில்லை, வெல்பவனையும் எச்சரிக்கிறார். வென்ற பொருளே தூண்டிலாகிவிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே பிரிட்ஜ் மூளைக்கு வேலை தரும் ஆட்டம் என்ற ஒரு காரணத்துக்காக நான் அதற்காகப் பேசவில்லை. மேசையின்மேல் பணம் இல்லை என்பதே என் முதற்காரணம்.

நம் மொழியும் இவ்விஷயத்தில் நம்மைச் சற்றுக் குழப்பிவிடுகிறது. மாதாமாதம் கட்டுவதும் சீட்டு, பேருந்தில் வாங்குவதும் சீட்டு, கையில் விசிறிபோல் விரிப்பதும் சீட்டு. தமிழ் வேதாகமத்திலும் அதே சொல்தான். யோசுவா சீலோவிலே கோத்திரங்களுக்குத் தேசத்தைப் பங்கிட்டது சீட்டுப்போட்டு. யூதாசின் இடத்துக்கு மத்தியா தெரிந்துகொள்ளப்பட்டதும் சீட்டுப்போட்டே. சிலுவையினடியில் போர்ச்சேவகர் நம் ஆண்டவருடைய அங்கியைக் குறித்துச் சீட்டுப்போட்டதையும் வாசிக்கிறோம். யோவான் சுவிசேஷம் வஸ்திரங்களை நாலு பங்காக்கினார்கள் என்பதால், அவர்கள் நால்வர் என்று அறிகிறோம். நால்வர் அமர்ந்து சீட்டெடுப்பதைக் கண்டாலே சில மூத்த விசுவாசிகளுக்கு அக்காட்சி நினைவுக்கு வருகிறதென்றால் அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆயினும் மத்தியாவைத் தெரிந்துகொள்ள அப்போஸ்தலர் கையாண்ட முறையும் சீட்டே அல்லவா? சேவகரிடம் குற்றம் இருந்தது அவர்கள் கையிலிருந்த பொருளில் அன்று. பாடுபட்டுக்கொண்டிருந்த ஒருவரை ஏறெடுத்துப் பாராமல், அவருடைய உடைமையில் தங்கள் ஆதாயத்தைத் தேடியதில் அது இருந்தது.

இனி ஆட்டத்துக்கு வருவோம். அறியாதவர்களுக்காகச் சுருக்கமாய்ச் சொல்கிறேன். நால்வர்; எதிரெதிரே அமர்பவர் ஒரே அணி. 52 சீட்டுகள், ஆளுக்கு 13. ஆடுமுன் ஓர் ஏலம் நடக்கும்: எத்தனை பிடி எடுப்போம், எந்த இனத்தைத் துருப்பாக வைப்போம் என்று இரு அணியும் மாறிமாறிக் கேட்கும். கூடுதலாய்க் கேட்ட அணி சொன்னதைச் செய்து காட்ட வேண்டும். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, நம் மலையில் டான்டீ தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பெரியவர்களுக்கு இதில் பாதி புதிதாகவே இராது. அவர்கள் ஆடிய 304-லும் கூட்டாளி உண்டு, கேள்வி உண்டு, துருப்பு உண்டு. 304 தெரிந்தவருக்குப் பிரிட்ஜ் அயல்வீடு. ரம்மி தெரிந்தவருக்கு அது அயல்நாடு.

ஒருவர் கையில் வரக்கூடிய 13 சீட்டுகளின் சேர்க்கை எத்தனை வகை தெரியுமா? 63,501 கோடியே 35 லட்சத்துக்கும் மேல். ஆயுள் முழுவதும் தினமும் ஆடினாலும் ஒரே கை திரும்ப வருவது அரிது. சேரும் சீட்டு நம் வசத்தில் இல்லை, ஆடுவது மட்டுமே நம் வசத்தில் இருக்கிறது. 'டூப்ளிகேட்' என்னும் முறையில் ஒரே சீட்டுகளைப் பல மேசைகளிலும் ஆடவைத்து, அதே கையைக்கொண்டு யார் சிறப்பாய் ஆடினார் என்று ஒப்பிடுவார்கள். இணையத்தில் சாதாரண மேசைகளிலும் இந்த ஒப்பீடு கிடைக்கிறது. மோசமான கை வந்ததே என்ற முறையீட்டுக்கு அங்கே இடமில்லை. அதே கை மற்றவர்களுக்கும் வந்திருக்கிறது. தாலந்துகளின் உவமையை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். இந்த ஒப்பீட்டைப் பார்க்கும்போது அது எனக்கு வேறொரு கோணத்திலிருந்து புலப்பட்டது.

இன்று உலகம் ஆடும் வடிவத்தை அமைத்தவர் அமெரிக்கச் செல்வந்தர் ஹெரால்டு வாண்டர்பில்ட். 1925-ல் பனாமா கால்வாயை நோக்கிச் சென்ற 'பின்லாந்து' என்னும் கப்பலில், தாம் வகுத்த புதிய மதிப்பெண் முறையைத் தோழரோடு ஆடிப் பார்த்தார். அது அக்டோபர் 31. நாம் சீர்திருத்த நாளாக நினைவுகூரும் அதே தேதி. (இதில் ஆவிக்குரிய பொருள் எதையும் நான் தேடவில்லை, தேதி கண்ணில் பட்டது, அவ்வளவே.) அங்கிருந்து அது துரைமார்களின் கிளப்புகளுக்குப் பரவிற்று. ஸ்னூக்கர் உதகை கிளப்பில் விதிமுறை பெற்றது என்று நீலகிரியார் பெருமையாய்ச் சொல்லிக்கொள்வோம். ஆனால் நம் முன்னோரில் எத்தனை பேர் அத்தகைய கதவுகளுக்குள், தட்டேந்திப் பரிமாறுபவராயன்றி வேறு விதமாய் நுழைந்திருப்பார்கள்? இன்று கீழ்க்கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் ஓய்வுபெற்ற கணக்கர், தம் வீட்டுத் திண்ணையில் கம்பளி போர்த்தபடி, சந்தாவும் சிபாரிசும் இல்லாமல் அதே ஆட்டத்தை உலகத்தாரோடு ஆடுகிறார். இது எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி தருகிறது.

கோடைக்கும் இதற்கும் பொருத்தம் அதிகம். ஏப்ரல், மே மாதங்களில் நாம் படும் பாடு உங்களுக்குத் தெரியும். சீசன் நெரிசலில் மலையேறும் வாகனங்களைக் குன்னூர் வழியாகவும், இறங்குபவற்றைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுகிறார்கள். ஊரெல்லாம் மலைக்கு வர, மலையில் இருப்பவர் வீட்டைவிட்டு இறங்க யோசிக்கிறார். பிற்பகலில் மழை பிடித்துக்கொள்கிறது; பொழுது சாய்ந்தபின் கரடி நடமாட்டத்துக்கு அஞ்சித் தனியே வெளியே போகிறவர் இல்லை. பிள்ளைகள் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ. அவ்வேளையில் இருவருக்கு எதிரே இருவர் அமரும் ஒரு மேசை வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் போன்ற தளங்களில் காசில்லாமல் ஆடும் மேசைகள் உண்டு. ஆள் கிடைக்காவிட்டால் கணினியே மற்ற மூவராய் அமரும். தவறாய்த் தொட்டுவிட்ட சீட்டை, எதிரணி இசைந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பொழுதுபோக்காய் ஆடுவோர் பெரும்பாலும் தயங்காமல் இசைகிறார்கள். ஆடாமல், தேர்ந்தவர் மேசையின் அருகே அமர்ந்து வேடிக்கை மட்டும் பார்க்கவும் வழியுண்டு. தொடக்கத்தில் இதுவே நல்லது என்பது என் எண்ணம்.

வயதாகிவிட்டது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் ஆடவர் இணைப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வென்ற பிரணாப் வர்தனுக்கு அப்போது வயது 60, அவருடைய கூட்டாளி சிவநாத் சர்க்காருக்கு 56. ஆயினும் அவர்களைப்போல் ஆக வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. சுமாராய் ஆடி மனநிறைவோடு எழுந்திருப்பதிலும் ஒரு விடுதலை உண்டு. வாழ்நாள் முழுவதும் மதிப்பெண்ணாலும் சம்பளத்தாலும் மாத இலக்காலும் அளக்கப்பட்டவருக்கு, தோற்றாலும் எதுவும் குறைந்துவிடாத ஓர் இடம் வேண்டும்.

வேதம் இதற்கு எதிரானதா? சகரியா தீர்க்கதரிசி கண்ட மீட்கப்பட்ட எருசலேமில், முதியோர் கோலூன்றி வீதிகளில் அமர்ந்திருக்கிறார்கள், சிறுவர் சிறுமியர் அங்கே விளையாடுகிறார்கள். தேவன் தம் நகரத்தைச் சீராக்கும்போது அதில் விளையாட்டும் இருக்கிறது. ஊழியத்தில் களைத்த சீஷரை ஆண்டவர் தனியிடத்துக்கு அழைத்து இளைப்பாறச் சொன்னதை மாற்கு ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஜான் வெஸ்லி, தம் காலத்துக் கேளிக்கைகளைப் பற்றிய பிரசங்கத்தில், தம் மனச்சாட்சி இடம் தராதவற்றை விளக்கியபோதும், வேறுவிதமாய் எண்ணுகிறவர்கள்மேல் தீர்ப்புச் சொல்லத் தமக்குக் கட்டாயமில்லை என்றார். ரோமர் 14-ஆம் அதிகாரத்தின் ஆவி அது. சீட்டைத் தொடவே மாட்டேன் என்கிற மூப்பரும், ஆடுகிற கணக்கரும் ஒரே பந்தியில் அமர வேண்டியவர்கள். ஆடுகிறவர் அவரைப் பழமைவாதி என்று நகைக்கலாகாது.

நான் அஞ்சுவது வேறொன்றை. 1929 செப்டம்பரில் அமெரிக்காவின் கேன்சஸ் நகரில் பென்னட் தம்பதியர் அயலாரோடு பிரிட்ஜ் ஆடினார்கள். பந்தயம் அற்பத்தொகை. கணவர் தாம் கேட்டதைச் செய்துமுடிக்க இயலாமற்போக, மனைவி ஏளனம் செய்ய, அவர் மனைவியை அறைய, அந்த இரவு மனைவியின் கைத்துப்பாக்கியால் கணவர் மாண்டார். வழக்கு உலகப் புகழ் பெற்றது. இவ்வாட்டத்தின் கூர்முனை பணத்தைவிடக் கூட்டாளியிடத்தில் இருக்கிறது. எதிரணியின்மேல் வராத கோபம், நம் அணியின்மேல் வருகிறது. இல்லறத்திலும் சபைக் குழுக்களிலும் நாம் அறிந்த கதை அல்லவா இது?

ஆகையால் ஆடுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. கூட்டாளி தவறும்போது திரையில் கடுஞ்சொல் எழுதாதிருங்கள். அவர் எங்கோ மருத்துவமனைக் கட்டிலிலிருந்து ஆடுகிறவராய் இருக்கலாம். தோற்கும் ஆட்டத்தை நடுவில் விட்டு ஓடாதிருங்கள். ஏலத்தை வென்றவரின் கூட்டாளி தம் 13 சீட்டுகளையும் மேசையில் விரித்துவைத்துவிட்டு, ஆட்டம் முடியும்வரை வாய்திறவாமல் இருக்க வேண்டும் என்பது விதி, 'டம்மி' என்பார்கள். அந்த விதியை ஆசையோடு கைக்கொள்ளுங்கள். (போதகர்களுக்கு அது மிகக் கடினமான இருக்கை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) கட்டணம் கேட்கும் போட்டிகளின் பக்கம் போகவேண்டாம், எவ்வளவு சிறிய தொகையாயினும். குடும்ப ஜெபத்துக்கு மணியடித்தால், கையில் நான்கு ஏஸ் இருந்தாலும் அந்த ஆட்டத்தோடு எழுந்திருங்கள்.

மேகம் இறங்கிச் சிக்னல் அற்றுப்போகும் மாலைகள் நமக்குப் பழக்கமானவை. அப்போது பழைய காகிதச் சீட்டுக்கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, 304 தெரிந்த அடுத்த வீட்டுத் தாத்தாவிடம் போங்கள். இணையத்தில் கற்ற பிரிட்ஜை அவருக்குச் சொல்லிக்கொடுங்கள், அவருடைய ஆட்டத்தை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். நாலாவது ஆள் குறைந்தால் போதகர் இல்லத்துக்குச் சொல்லியனுப்புங்கள். வியாழக்கிழமை தவிர மற்ற மாலைகளில் வர எனக்குத் தடையில்லை.