குறை சொல்லவும் பழகுவோம், குறை கேட்கவும் பழகுவோம்



பெண்களுக்கான சுயதொழில் என்றால் தையல், கோழி வளர்ப்பு, மிளகாய்த்தூள் பொதி செய்தல் என்று மட்டும் எண்ணிய காலம் மாறி வருகிறது. எமது பெண்களில் சிலர் இன்று கமராவைக் கையில் எடுத்திருக்கிறார்கள். பிறந்தநாள், சாமத்தியவீடு ஆகியவற்றுக்குப் படம் எடுக்கிறார்கள். பழுதடைந்த பழைய படங்களைக் கணினியில் திருத்திப் பெருப்பித்துக் கொடுக்கிறார்கள். இத்தொழிலைப் பழக்குபவள் என்ற முறையில் இம்மாதம் ஒரு விடயத்தைப் பேச விரும்புகிறேன்.

தையலில் கையின் நீளம் பிழைத்தால் அளவுநாடா சொல்லிவிடும். முகப்படத்தில் பிழையை இன்னொருவரின் கண்தான் சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. "நல்லாயில்லை" என்ற ஒரு சொல்லோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கேட்பவளுக்கோ அது தன்னையே குறை சொன்னது போல வலிக்கிறது. யுத்தத்தாலும் அதன் பின்னான வாழ்வாலும் ஏச்சும் பழியும் நிறையக் கேட்ட எமக்கு அந்த வலி இன்னும் அதிகம். சிலர் அதோடு கமராவையே வைத்துவிடுகிறார்கள். ஒரு சொல்லால் ஒரு குடும்பத்தின் வருமானம் நின்றுபோகக் கூடாது.

எனவே குறை சொல்பவர் மூன்று விடயங்களை நினைவில் வைத்தால் நல்லது. முதலாவது, படம் எதற்கு என்று கேளுங்கள். கலியாணப் பேச்சுக்குக் கொடுக்கும் படமும் சுவரில் மாலை போடும் படமும் ஒன்றல்ல. இரண்டாவது, சரியாக வந்ததையும் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அடுத்த முறை அதையும் மாற்றிவிடுவார்கள். மூன்றாவது, குறையை இடம் காட்டிச் சொல்லி, திருத்தும் வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உதாரணமாக, "மூக்குப் பெரிதாகிவிட்டது" என்பது பாதிப் பேச்சு. "முகத்துக்கு மிகக் கிட்டப் போய் எடுத்திருக்கிறாய். ஐந்தாறு அடி பின்னால் நின்று எடு, பிறகு ஓரங்களை வெட்டு" என்பதே முழுப் பேச்சு. கைத்தொலைபேசியில் எடுப்பவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். "கண் செத்துக் கிடக்கிறது" என்று சொல்லாமல், "கண்மணியில் ஒளிப்பொட்டு விழவில்லை. யன்னலையோ விறாந்தையின் வெளிச்சப் பக்கத்தையோ பார்த்தபடி இருத்தி எடு" என்று சொல்லுங்கள். "முகம் பொம்மை போல இருக்கிறது" என்பதை விட, "தோலை மிருதுவாக்கியது கூடிவிட்டது, அதைப் பாதியாகக் குறை" என்பது கைகொடுக்கும்.

எமது பயிற்சி வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். காணாமல் போன மகனின் கடவுச்சீட்டு அளவுப் படத்தை ஒரு தாய் கொண்டு வந்தார். மடிப்பும் ஈரக்கறையும் பட்ட படம். ஒரு மாணவி இரண்டு நாள் இருந்து திருத்தினாள். கறைகளோடு புருவத்தில் இருந்த வெட்டுக்காயத்தையும் அழித்து, நிறத்தையும் வெள்ளையாக்கிவிட்டாள். தாய் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு பிள்ளை. ஆனா இது என்ர மகன் இல்லை" என்றார். மாணவி அழுதுவிட்டாள். பக்கத்தில் இருந்தவளோ, "வெள்ளையடிச்சுக் கெடுத்துப் போட்டாய்" என்றாள்.

நான் இரண்டு படங்களையும் திரையில் அருகருகே வைத்தேன். சட்டைக் கழுத்தில் இருந்த மடிப்பை அவள் இணைத்த விதம் மிக நேர்த்தி. அதை முதலில் காட்டினேன். பிறகு காயத்தையும் நிறத்தையும் காட்டி, "அம்மா மகனை எதை வைத்து அடையாளம் காண்பார்?" என்று கேட்டேன். அவள் மூலப் படத்தைத் தொடாமல், பிரதி ஒன்றில்தான் வேலை செய்திருந்தாள். அதனால் அரை மணி நேரத்தில் திருத்தம் முடிந்தது. தாய் படத்தைத் தடவிப் பார்த்துச் சேலைத் தலைப்பில் பொதிந்து கொண்டு போனார்.

2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் பிள்ளைகளின் படங்களோடு வீதியோரம் இருந்ததை நாம் அறிவோம். அப்படங்கள் அழகுக்கானவை அல்ல, அடையாளத்துக்கானவை. இப்போது மங்கிய முகத்தை நொடியில் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. அவை இல்லாத விபரத்தைத் தாமாகவே ஊகித்து நிரப்புகின்றன. கண்ணும் பல்லும் வேறொருவருடையவை போல ஆகலாம். அதைவிட, 35 க்கு 45 மில்லிமீற்றர் அளவுள்ள சிறு படத்தை அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம் ஸ்கான் செய்தால், அகலத்தில் ஏறத்தாழ 1650 புள்ளிகளும் உயரத்தில் 2125 புள்ளிகளும் கிடைக்கும். 8 க்கு 10 அங்குலப் படம் அச்சிட அது போதும். மங்கல் சற்று இருந்தாலும் முகம் அவருடையதாகவே இருக்கும்.

இனிக் குறை கேட்பதைப் பற்றி. ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற பெண்மணிக்கு 1863 ஆம் ஆண்டு இறுதியில், 48 வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் எடுத்த முகப்படங்கள் தெளிவில்லை, கவனமில்லாத வேலை என்று அக்காலப் புகைப்படச் சஞ்சிகைகள் கண்டித்தன. அந்த மென்மை அவர் விரும்பித் தெரிந்தது. அதை அவர் கைவிடவில்லை. இன்று உலகின் சிறந்த முகப்படக் கலைஞர்களில் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார். 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அதற்காக எல்லாக் குறையையும் தள்ளிவிடலாம் என்று எண்ண வேண்டாம். அவரது படங்களில் கீறலும் கறையும் இருந்தது உண்மையே. கேட்ட குறையை இரண்டாகப் பிரியுங்கள். அது பிழையா, விருப்பமா? பிழையென்றால் திருத்துங்கள். விருப்பம் என்றால், அது யாருடைய விருப்பம் என்று பாருங்கள். படத்தைக் கொண்டுபோகப் போகிறவருடையது என்றால் அதற்கே முதலிடம். வழியில் போகிறவருடையது என்றால் நன்றி சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். உடனே பதில் சொல்லாமல், "எந்த இடத்தில அக்கா?" என்று மட்டும் கேட்டுப் பழகுங்கள். உண்மையாகப் பார்த்தவர் இடத்தைக் காட்டுவார். சும்மா சொன்னவர் பேச்சை மாற்றிவிடுவார்.

இம்மாதம் உங்கள் ஊரில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஆளுக்கொரு முகப்படத்தை மேசையில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறையும் ஒரு குறையும் சொல்லுங்கள். குறை சொன்னவரே திருத்தவும் கூட இருக்கட்டும்.