பயாலஜி வெறும் மனப்பாடமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார்: "பையன் நல்லா படிப்பான் சார். அதான் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்ல போட்டுட்டேன். பயாலஜி வெறும் மனப்பாடம்தானே?" பந்தியில் வாதம் வேண்டாமென்று இங்கே எழுதுகிறேன்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தப் பாடத்தை அப்படி ஆக்கியவர்களில் நானும் ஒருவன். முப்பது வருடத்துக்கு மேல் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தினேன். ஒருநாள் ஏழாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "சார், கரண்டு கம்பியில உட்காருற தகைவிலான் வெயில் காலம் வந்தா ஏன் போயிடுது? காக்கா போகலையே?" "பரீட்சைக்கு வராது, உட்காரும்மா" என்றேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் எர்ன்ஸ்ட் மையரைப் படித்தேன். 1904-ல் ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவில் ஹார்வர்டில் பணியாற்றியவர். 1961-ல் 'சயின்ஸ்' இதழில் அவர் எழுதிய கட்டுரையில், கிட்டத்தட்ட அந்தப் பெண்ணின் கேள்வியே இருக்கிறது! நியூ ஹாம்ப்ஷயரில் அவர் வீட்டருகே இருந்த கதிர்க்குருவி ஆகஸ்ட் 25 இரவு தெற்கே கிளம்பியது. ஏன்?

பகல் பொழுது குறைந்ததும் அதன் உடல் பயணத்துக்குத் தயாரானது. அன்று வடக்கிலிருந்து குளிர்காற்றும் வந்தது. இது ஒரு பதில். ஆனால் அதே குளிர் பட்ட ஆந்தை கிளம்பவில்லையே? அங்கேதான் இரண்டாவது பதில். கதிர்க்குருவி பூச்சி தின்பது. குளிர்காலத்தில் அங்கே தங்கினால் பட்டினி. கிளம்பிப் போன முன்னோர்களே பிழைத்தார்கள்; அந்தச் சுபாவம் வாரிசுகளுக்கு வந்தது. முதல் பதில் 'எப்படி', இரண்டாவது 'எதனால் இப்படி ஆனது'. ஒன்று தெரிந்தால் மற்றது தேவையில்லை என்று சொல்ல முடியாது.

கல் கீழே விழுந்தால் அதனால் கல்லுக்கு என்ன லாபம் என்று யாரும் கேட்பதில்லை. உயிருக்குக் கேட்கலாம், கேட்டே ஆகவேண்டும். இதற்காக 'உயிர்ச்சக்தி' என்று மாயம் எதையும் கொண்டுவர வேண்டாம். மையரும் அதை ஏற்கவில்லை. பறவையும் இயற்பியல் விதிக்குக் கட்டுப்பட்டே பறக்கிறது. ஆனால் அதன் மரபணுவில் ஒரு வரலாறு இருக்கிறது. கல்லுக்கு அது இல்லை.

இன்னொன்று. உப்பில் உள்ள சோடியம் அணுக்களில் ஒன்றை அறிந்தால் எல்லாவற்றையும் அறிந்த மாதிரி. உயிர்களில் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. நாற்பது பிள்ளைகளை வைத்து வகுப்பு நடத்தியவர்களுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா? அந்த வேறுபாடு இல்லாவிட்டால் பரிணாமமே இல்லை.

"ஏன் என்பதற்கு யாரும் கதை விடலாமே" என்பீர்கள். விடலாம். அதனால்தான் ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும்: யார் போகிறார்கள், யார் தங்குகிறார்கள், யாருக்கு என்ன தீனி? இதில் மனப்பாடத்துக்கு எங்கே இடம்?

உயிரியல் தனி அறிவியல் என்று வாதிட்டு மையர் கடைசிப் புத்தகம் எழுதியது 2004-ல், நூறு வயதில். இன்று வகுப்பெடுக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரே வேண்டுகோள்: 'எப்படி' என்று கேட்கும்போதெல்லாம் 'ஏன்' என்றும் கேளுங்கள்.

அந்தப் பெண் இப்போது எந்த ஊரிலோ. அவளுக்கு என் தாமதமான பதில்: வடக்கே கோடையில் பகல் நீளம், பூச்சி ஏராளம், தகைவிலான் அங்கே போய்க் குஞ்சு பொரிக்கிறது. காக்கா கிடைத்ததையெல்லாம் தின்னும்; அதற்கு இங்கேயே வருடம் முழுக்கச் சாப்பாடு உண்டு. நல்ல கேள்வி கேட்டாயம்மா. உட்காரச் சொன்னது என் தப்பு.