புட்டுப் புட்டு வைக்கச் சொல்லுங்கள்!

உத்திரமேரூருக்குப் போயிருக்கிறீர்களா? காஞ்சிபுரம் மாவட்டத்தில் வயலும் ஏரியுமாக உள்ள ஊர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்க என்னென்ன யோக்கியதை வேண்டும் என்று அவற்றில் விதித்திருக்கிறார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமா? அவருடைய நெருங்கிய உறவினர் பெயரைக்கூடக் குடத்தில் போடக் கூடாதாம்!

ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்பே கணக்குக் கேட்ட அந்த ஊரில், இன்று ஒரு குடும்பம் மோட்டார் சைக்கிள் வாங்கப் புறப்படுகிறது என்று வைத்துக் கொள்வோம். கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டில், "ஆன்-ரோடு 1,12,000" என்று எழுதி நீட்டுகிறார். அப்பாவும் பிள்ளையும், "ரெண்டாயிரம் குறைச்சுக்குங்க" என்கிறார்கள். அவரும் பெரிய மனசு பண்ணி ஆயிரம் குறைக்கிறார். எல்லோருக்கும் சந்தோஷம்! அம்மா மட்டும் பின்னால் ஒரு நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். மாதா மாதம் தவணைக்குப் பணம் எடுத்து வைக்கப் போகிறவள் அவள்தான்!

சென்னையிலும் மதுரையிலும் இருக்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கதையும் இதுதானே? ஒரு பட்டுப் புடவை வாங்கப் போனால் ஜரிகையைத் திருப்பிப் பார்க்கிறோம். நாலு கடை ஏறி இறங்குகிறோம். அந்தச் சாமர்த்தியமெல்லாம் மோட்டார் கடை வாசலில் எங்கே போய்விடுகிறது?

ஒரு காலத்தில் பேரம் பேச வழியே இல்லை. 1960-களில் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். வண்டி கிடைத்தால் போதும் என்றிருந்தது. இன்றோ, அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகளே நடக்கின்றன. கடைக்குக் கடை போட்டி. வாய் திறந்து கேட்பவர்களுக்கு லாபம் உண்டு.

எப்படிக் கேட்பது? மொத்தத் தொகையைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். "தம்பி, இதில் சர்க்காருக்குப் போவது எது, உங்கள் கடைக்குப் போவது எது? தனித்தனியாக எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பாதி பேரம் அங்கேயே முடிந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 125 சி.சி. வண்டி, ஷோரூம் விலை 90,000 ரூபாய். ஜி.எஸ்.டி. இந்த விலைக்குள்ளேயே அடக்கம். 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு அது 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஆகவே பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் ஏமாறாதீர்கள்.

அடுத்து, தமிழ்நாட்டில் ஆயுள் வரி. 2023 நவம்பர் முதல், ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள புது வண்டிக்கு 10 சதவிகிதம். அதற்கு மேல் 12. நம் வண்டிக்கு ஏறக்குறைய 9,000. பதிவுக் கட்டணம் 300 ரூபாய்தான். அட்டை முதலியவற்றுக்கு இன்னும் சில நூறு. கடனில் வாங்கினால், அதைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற 500.

பிறகு இன்ஷூரன்ஸ். பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான இன்ஷூரன்ஸைப் புது வண்டிக்கு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். 2018-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவால் வந்த விதி இது. 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி 75-க்கு மேல் 150 சி.சி. வரை 3,851 ரூபாய், வரி தனி. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இது ஒன்றே. இதில் பேரம் பேசிப் பயனில்லை.

ஆக, கூட்டினால் ஒரு லட்சத்து நாலாயிரம், ஐயாயிரத்துக்குள் வருகிறது. சீட்டில் இருப்பதோ 1,12,000. மிச்சம் ஏழாயிரத்துச் சொச்சம் எங்கே போகிறது? அங்கேதான் உங்களுக்கு வேலை!

முதலாவது, நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ். இது அவசியந்தான், ஆனால் கடைக்காரர் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டாவது, "ஹாண்ட்லிங் சார்ஜ்", "லாஜிஸ்டிக்ஸ்" என்கிற இனங்கள். அந்தப் பெயரில் சர்க்கார் எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. "இதற்கு ரசீதில் என்ன பெயர் போடுவீர்கள்?" என்று கேளுங்கள். பல சமயம் அந்த இனமே மறைந்துவிடும்.

மூன்றாவது, சீட் கவர், பூச்சு, கூடுதல் வாரண்டி. வேண்டும் என்றால் வாங்குங்கள். வேண்டாம் என்றால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், நமக்கென்றே உள்ளது. பின்னால் ஒருவர் உட்காரும் மோட்டார் சைக்கிளுக்குக் கைப்பிடி, கால் வைக்கும் படி, புடவை சிக்காமல் பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு, மூன்றும் இருந்தே ஆக வேண்டும். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி இது. 138-ஆம் விதிப்படி, தரமுத்திரை பெற்ற ஹெல்மெட்டையும் வண்டியோடு கொடுக்க வேண்டும். "ஸாரி கார்டுக்குத் தனியாக எண்ணூறு" என்றால் சும்மா இருக்கலாமா? புடவைத் தலைப்பு சக்கரத்தில் மாட்டி உயிர் போன செய்திகளைப் பத்திரிகையில் படிக்கிறோமே! அது அலங்காரச் சாமானா என்ன?

ஒரே கடையோடு நிற்காதீர்கள். உத்திரமேரூர்க்காரர்கள் காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் எழுத்தில் விலை வாங்கலாம். மாதக் கடைசியில் போங்கள். விற்பனைக் கணக்கை முடிக்கும் அவசரத்தில் கடைக்காரர் கொஞ்சம் இளகுவார். விற்பனைச் சான்றான 21-ஆம் எண் படிவத்தில், வண்டி தயாரான மாதமும் வருஷமும் இருக்கும். போன வருஷத்து வண்டியானால் விலை குறைத்தே ஆக வேண்டும். முன்பணம் கொடுத்தால், வண்டி வேண்டாம் என்றால் அது திரும்ப வருமா என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பில் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வியாபாரம். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைக் கேட்டுக் கொள்வார்கள்.

இத்தனையும் கேட்டால், "இந்த அம்மா ரொம்பக் கறார்" என்று கடையில் பெயர் வரலாம். வரட்டுமே! மிச்சமாகும் ஐயாயிரம் இரண்டு மாதத் தவணைக்கு ஆகுமே!